முகப்பும் முதுகும்

அன்புள்ள சங்கரா,

கடிதமும் படமும் கிடைத்தன. முட்டிவலி தேவலையா? கிளாஸ்கோவில் வெனிஸ் அரண்மனை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். அது அரண்மனை இல்லையப்பா, டெம்பிள்டன் கம்பளத் தொழிற்சாலை. வில்லியம் லைப்பர் வரைந்தது. வெனிஸின் டோஜ் அரண்மனையை மனதில் வைத்து எழுப்பிய முகப்பு: கூர்வளைவுகள், டெரகோட்டா (சுடுமண் வேலைப்பாடு), நிறம் நிறமான மெருகுச் செங்கல் (பீங்கான் போலப் பளபளப்பு ஏற்றிச் சுட்டது), நடுவே நீல மொசைக். தறிகள் நின்ற பிறகு, 1980களில் அலுவலகங்கள் குடியேறின.

மாணவர்களுக்குக் காட்டுவதானால் 1889 நவம்பர் 1-இல் தொடங்கு. கட்டிக்கொண்டிருந்த முகப்புச் சுவர் பலத்த காற்றில் பின்னாலிருந்த நெசவுக் கொட்டகையின்மேல் சாய்ந்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த 29 பெண்கள் இறந்தார்கள். சுவரைப் பின்கட்டடத்தோடு சரியாகப் பிணைக்கவில்லை என்பதுதான் காரணம். எல்லோரும் படமெடுக்கும் அந்த அழகு முகப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் முதுகுதான் ஞாபகம் வரும்.

பழைய மில்லை அலுவலகமாக்கும்போதும் முதல் கேள்வி அதுவே: இந்தச் சுவரை எது பிடித்திருக்கிறது? பெரும்பாலும் மாடித் தளம்தான். வெளிச்சம் வேண்டும், லிஃப்ட் வேண்டும் என்று தளத்தில் பெரிய ஓட்டை போட்டால், அந்த இடத்தில் சுவர் பிடிப்பில்லாமல் நிற்கும். பிரிட்டனில் சிறு வீடுகளுக்கே சுவரைத் தளத்தோடு பிணைக்க 30×5 மி.மீ. எஃகுப் பட்டையை 2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில், மூன்று உத்திரக் கட்டைகளையாவது தாண்டிப் பதிக்கச் சொல்கிறார்கள். ஆறு மாடி மில் சுவருக்கு அதெல்லாம் போதாது, காற்றழுத்தம் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

தளம் வார்ப்பிரும்புத் தூணும் செங்கல் வளைவுமாக இருந்தால் (இங்கிலாந்தில் 1853-இல் திறந்த சால்ட்டேர் மில் அந்த ரகம்) இன்னும் கவனம். ஒரு வளைவின் தள்ளுதலை அடுத்த வளைவு தாங்குகிறது. படிக்கட்டுக்காக ஒன்றை உடைத்தால் பக்கத்து வளைவு விரியும். எனவே முதலில் டை ராட் (வளைவு விரியாமல் இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பி), பிறகுதான் உளி. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையில் பட்டென்று முறியும். அதில் வெல்டிங் வைத்தால் சூடு பட்ட இடத்தின் ஓரத்திலேயே விரிசல் ஓடும். போல்ட் போட்ட கவ்விதான் நல்லது.

மெருகுச் செங்கலுக்கு ஒரு தனி நோய் உண்டு. மெருகு வழியாகத் தண்ணீர் போகாது, செங்கற்களுக்கு நடுவே கலவை பூசிய மூட்டு வழியாகப் போகும். மூட்டைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியின்றி மெருகுக்குப் பின்னால் தேங்கி உறைகிறது. குளிர்காலம் முடிந்து பார்த்தால் மெருகு சில்லாகப் பெயர்ந்து, அடியில் பஞ்சு மாதிரிச் சிவப்பு மண் தெரியும். சுண்ணாம்புக் கலவையில் பூசியிருந்தால் மூட்டு தேயும், செங்கல் பிழைக்கும். மூட்டு போனால் திரும்பப் பூசலாம், அந்த நிறச் செங்கலைத் தேடி எங்கே போவது?

உள்பக்கம் வெப்பத்தடுப்பு ஒட்டுபவர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள். சுவர் குளிர்ந்து, சுவருக்குள் புதைந்த மரக்கட்டை முனையில் ஓதம் ஏறும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நீராவி ஊடுருவும் மரநார்ப் பலகையை மெல்லியதாக, சுண்ணாம்பில் ஒட்டினால் போதும். மிச்சக் குளிருக்கு ஜன்னலின் உள்ளே இரண்டாவது கண்ணாடி போடலாம்.

தூண்களின் தீத்தடுப்புப் பூச்சு பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் நீ எடுத்த மற்றப் படங்களையும் அனுப்பு, பின்பக்கம் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
ராமு