நம்ம முஹல்லா (பள்ளிவாசல் ஜமாஅத்) நிர்வாகத்துக்கு: இந்த வருஷ ஜகாத் பீடி சுத்துற வீட்டுக் கடனுக்குப் போகட்டும்

அஸ்ஸலாமு அலைக்கும். பராஅத் ராவு முடிஞ்சாச்சு, நோன்புக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல. கஞ்சிக்கு அரிசி, பந்தல், தராவீஹ் ராத்தொழுகைக்கு குர்ஆன் மனப்பாடமான ஹாஃபிஸ் எல்லாம் பேசி முடிச்சிருப்பீங்க, அதுக்கு நடுவுல இதையும் ஒரு தடவை முழுசாப் படிங்க. நிர்வாகக் கூட்டத்துக்குப் பொம்பளைங்க வந்து பேச வழியில்ல, அதான் எல்லாரும் பார்க்குற மாதிரி எழுதுறேன்.

போன வருஷம் நோன்பு மாசம் 27-ஆம் கிழமை அன்னைக்கு அஸர் தொழுதுட்டு கடைக்குப் போறேன், நம்ம தெருவுல ஒரு பெரிய வீட்டு வாசல்ல வரிசை நிக்குது, எல்லாம் பொம்பளைங்க, நோன்பு வச்ச வயித்தோட ஒரு 100 ரூபா நோட்டுக்காக வெயில்ல நிக்குறாங்க. அதுல ஒருத்தி மதரஸாவுல என்கூட ஓதுனவ. என்னைப் பார்த்ததும் முகத்துணிய இழுத்து விட்டுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. கூப்பிடவா வேணாமான்னு கொஞ்ச நேரம் நின்னுட்டு, கூப்பிடாமலே வந்துட்டேன். அந்த வீட்டுக்காரங்க நல்ல மனசோடதான் கொடுத்தாங்க, அவங்களைக் குத்தம் சொல்லல. ஆனா வசதி உள்ளவங்க வருஷா வருஷம் கொடுத்தே ஆகவேண்டிய ஜகாத்தை இப்படித்தான் கொடுக்கணுமான்னு அன்னைக்கு ராத்திரி பூரா மனசு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

பெருநாள் கழிச்சு அவ வீட்டுக்குப் போனேன். மடியில சுளகு, பக்கத்துல ஈரச் சாக்குல சுத்தி வச்ச இலை, தகடு வச்சு கத்திரியால வெட்டுறா, தூளை வச்சு உருட்டுறா, நூலைக் கட்டி முனைய மடக்குறா, பேசிக்கிட்டே இருக்கா ஆனா கை நிக்கவே இல்ல. கட்டைவிரல் நகம் பழுப்பேறிப் போய் ஓரம் தேஞ்சு கிடக்கு. எங்க உம்மாவுக்கும் அதே நகம்தான், அந்தக் கையாலதான் என்னைப் படிக்க வச்சாங்க. மேலப்பாளையம், முக்கூடல்னு நம்ம நெல்லைப் பக்கம் எத்தனை வீட்டுல இந்தத் தூள் வாசனையிலதான் பிள்ளைங்க தூங்குதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

ஒரு நாள் முழுக்க உக்காந்தாதான் 1000 பீடி. கடையில கொண்டு கொடுத்தா சரியில்லன்னு கொஞ்சத்தைக் கழிச்சுப் போடுவாங்க. பீடிக் கம்பெனி பாஸ்புக் இல்லாதவங்களுக்கு பிஎஃப் பேச்சே இல்ல. முன்னாடி பீடிக்குன்னு செஸ்ங்கிற தனி வரி பிடிச்சு, 1976 சட்டப்படி அந்தக் காசுலதான் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி, பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப்னு நடந்துச்சு, 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப அந்த செஸ்ஸையே எடுத்துட்டாங்க.

இதெல்லாத்தையும் விட அவளை அழுத்துறது குழு லோன். மகளுக்கு டைபாய்டு வந்தப்ப ஒண்ணு வாங்குனா, அதைக் கட்ட இன்னொண்ணு, இப்ப மூணு ஓடுது. வாரா வாரம் தவணை. ஒருத்தி கட்டலைன்னா மத்த பொம்பளைங்க சேர்ந்து கட்டணும், அதனால அவங்களே வந்து வாசல்ல உக்காந்துருவாங்க. 27-ஆம் கிழமை வாங்குன அந்த 100 ரூபா மறுநாள் காலையில தவணைக்காரன் கைக்குப் போயிருச்சு.

ஜகாத் யாருக்குன்னு அல்லாஹ் 8 கூட்டத்தைச் சொல்லியிருக்கான், அதுல கடன்பட்டவங்களும் ஒரு கூட்டம். பள்ளிவாசல் பயான்ல வருஷா வருஷம் கேக்குறோம். ஆனா நம்ம முஹல்லாவுல ஜகாத் காசுல ஒரு கடனை முழுசா அடைச்சதா நான் பார்த்ததே இல்ல. ஜகாத் கடமையாகுற அளவுக்கு, அதாவது 11 பவுனுக்கு மேல நகை வச்சிருக்கிற வீடு நம்மகிட்ட எத்தனை இருக்கு? (போட்டுக்கிற நகைக்கு ஜகாத் உண்டா இல்லையான்னு மத்ஹபுக்கு மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டவழிக்குச் சட்டவழி பேச்சு இருக்கு, அதை அவங்கவங்க ஆலிம்கிட்ட கேட்டுக்கோங்க.) 20 பவுன் இருந்தா அரைப் பவுன் ஜகாத், அப்படி 40 வீடு ஒரே இடத்துல சேர்த்தா 20 பவுன் காசு. துபாய், சவூதியில இருக்கிற நம்ம பசங்க அனுப்புறது அதுக்கு மேல. அதை நூறு நூறா கிழிச்சுக் கொடுத்தா ஒரு நாள்ல கரைஞ்சிரும், பைத்துல்மால்னு ஒரு பொது நிதி வச்சு ஒரு வீட்டுக் கடனை அடியோட அடைச்சா அந்த வீடு அடுத்த வருஷம் வரிசையில நிக்காது.

தயவுசெஞ்சு விசாரிக்கிற வேலைய ஆம்பளைங்க மட்டும் வச்சுக்காதீங்க. எந்த லோன் எதுக்கு வாங்குனோம்னு, புருஷனுக்கே தெரியாத கடனைப் பத்தி எந்தப் பொம்பளையும் பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லிகிட்ட சொல்ல மாட்டா. ரெண்டு மூணு பொம்பளைங்களைப் போடுங்க, நான் வர்றேன், இன்னும் ரெண்டு பேர் வர்றதா சொல்லியிருக்காங்க. கொடுக்குறப்ப போட்டோ வேணாம், மேடை வேணாம், வாட்ஸ்அப்ல பேர் போட வேணாம், லோன் ஆபீஸ்லயே நேரா கட்டி ரசீதை மட்டும் அவ கையில கொடுத்துருங்க. பக்கத்துத் தெருவுல நம்ம மார்க்கத்துல இல்லாத அக்காமாரும் இதே பீடிதான் சுத்துறாங்க, இதே லோன்தான் கட்டுறாங்க, அவங்களுக்குக் கடமை ஜகாத் இல்லாம, விருப்பப்பட்டுக் கொடுக்குற ஸதகா காசுல செய்யலாம், அதுக்கு எந்தத் தடையும் இல்ல.

என்கிட்ட இப்ப 11 வீட்டு லிஸ்ட் இருக்கு. பேர் எழுதல, பாக்கி எவ்வளவு, வாரத் தவணை எவ்வளவுன்னு மட்டும்தான். பிறை பார்க்குறதுக்குள்ள யார்கிட்ட கொடுக்கணும்னு சொல்லி அனுப்புங்க, தம்பிகிட்ட கொடுத்து விடுறேன், என்னோட ஜகாத் காசும் அதோடவே வரும்.

வஸ்ஸலாம்.