அந்த செக்கை எடுத்துறாத தாயி

தாயி,

அப்பா பாம்பன்ல இருந்து எழுதுறேன். தடைக்காலம்கிறதால போட்டு கரையிலதான் நிக்குது, 61 நாளும் வலை வேலை இஞ்சின் வேலைன்னு பகல் ஓடிருது, ராத்திரி தூக்கம் வரல. போன ஞாயித்துக்கெழமை நீ போன்ல அழுதது காதுலயே நிக்குது. யாராவது தப்பான பட்டனை அமுக்கினா தடுக்கிற மாதிரி புரோகிராம்ல ஒரு செக் எழுதி வச்சியாமே, அதைத்தான் சொல்றேன். "அந்த நேரத்துல அந்த பட்டனை யாரும் அமுக்க மாட்டாங்க, இதுக்கு எதுக்கு ஒரு செக், எடுத்துரு"ன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கன்னு சொன்ன, எனக்கு பதில் தெரியல, போனை அம்மாட்ட குடுத்துட்டேன்.

காலேஜ் படிக்கும்போது உன் ரூம் கதவுல ஒரு படம் ஒட்டுனியே, ஆள் உசரத்துக்கு பேப்பர் கட்டு அடுக்கி வச்சு பக்கத்துல கண்ணாடி போட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கிற அம்மா, மார்கரெட் ஹாமில்டன். அது இன்னும் அங்கதான் இருக்கு. பக்கத்து வீட்டுத் தம்பிய போன்ல எடுத்துத் தரச் சொல்லி ஒரு வாரமா அவங்களைப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்கேன்.

1936ல அமெரிக்காவுல இண்டியானாவுல பிறந்தவங்க, கணக்கு படிச்சவங்க. முதல்ல எம்ஐடின்னு அங்க இருக்கிற பல்கலைக்கழகத்துல லோரன்ஸ்னு ஒருத்தர்கிட்ட வானிலை கணக்குக்கு புரோகிராம் எழுதியிருக்காங்க. புயல்கூண்டு ஏத்துறதைப் பாத்தே வளந்த நமக்கு அந்த வேலையோட அருமை தெரியும். அப்புறம் நிலாவுக்கு ஆள் அனுப்புன அப்பல்லோ திட்டத்துல கப்பல் கம்ப்யூட்டருக்கு புரோகிராம். ராத்திரியும் சனி ஞாயிறும் சின்னப் பிள்ளை லாரனையும் ஆய்வுக்கூடத்துக்கு கூட்டிட்டுப் போவாங்களாம், பிள்ளையை விட்டுட்டு எப்படி வேலை பாக்குறன்னு கேட்டவங்களும் இருந்திருக்காங்க, உன்னைய கேக்குற மாதிரியே.

அந்தப் பிள்ளை ஒருநா விண்வெளி வீரர் மாதிரி விளையாடுறேன்னு பட்டனை அமுக்க, ஆய்வுக்கூடத்துல கப்பல் பறக்குற மாதிரி ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, கிளம்புறதுக்கு முந்தி போட வேண்டிய பி01ங்கிற புரோகிராம் ஓட ஆரம்பிச்சு எல்லாம் நின்னு போச்சு. உடனே அந்தம்மா, இதுக்கு ஒரு செக் போடணும்னு கேட்டாங்க. நாசாவுல என்ன சொன்னாங்க தெரியுமா, எங்க ஆளுங்க நல்லா பழகுனவங்க, தப்பே பண்ண மாட்டாங்கன்னு. சரின்னு ஒரு குறிப்பு மட்டும் எழுதி வச்சாங்க. 1968 டிசம்பர்ல அப்பல்லோ 8 கப்பல்ல போன வீரர் ஜிம் லோவல் அதே பி01ஐ அமுக்கிட்டாரு! தாங்கள் இருக்கிற திசையே கம்ப்யூட்டருக்கு தெரியல, அவரு நட்சத்திரத்தைப் பாத்து பாத்து மறுபடி சரி பண்ண வேண்டியதாப் போச்சு, உன் தாத்தா கடல்ல வெள்ளியைப் பாத்து வழி பிடிச்ச மாதிரி. அதுக்கப்புறம்தான் அந்த செக்குக்கு சம்மதம் கிடைச்சிருக்கு.

இதை கேட்டதும் எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு தாயி. உன்கிட்டயும் அம்மாகிட்டயும் நான் சொன்னதே இல்ல, நீ பத்தாவது படிக்கும்போது ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஜிபிஎஸ்ல நான் ரெண்டு பட்டனை மாத்தி அமுக்கி சேத்து வச்ச பாயிண்ட் பூராவும் அழிஞ்சிருச்சு. பாறை எங்க, எல்லைக்கோடு எங்க ஒண்ணும் தெரியல, நங்கூரத்தைப் போட்டுட்டு அஞ்சு பேரும் விடியுற வரைக்கும் பேசாம உக்காந்திருந்தோம். முப்பது வருசம் கடலுக்குப் போனவன் நான். "நிசமா அழிக்கணுமா"ன்னு அந்த மெஷின் ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்.

அம்மாகிட்ட சொன்னப்ப அவளுக்கு வேற ஒண்ணு பிடிச்சுப் போச்சு. அந்த புரோகிராமை தொழிற்சாலையில பொம்பளைங்க கம்பியால பின்னியிருக்காங்க, சின்ன வளையத்துக்குள்ள கம்பி போனா 1, வெளிய போனா 0. வலைக் கண்ணு விட்டுப் போனா திரும்பப் பின்னலாம், அதை அப்படி மாத்த முடியாதாம், அதனால முந்தியே எல்லாத்தையும் யோசிச்சு வைக்கணும். கையில இருந்த ஊசியை வச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சா.

1969 ஜூலை 20, நிலாவுல இறங்க சில நிமிசம் இருக்கு, 1202ன்னு அலாரம், அப்புறம் 1201. தேவையில்லாத ரேடார் வேலை வந்து கம்ப்யூட்டருக்கு சுமை கூடிருச்சு. அவசரமில்லாததை எல்லாம் தள்ளி விட்டுட்டு இறங்குற வேலையை மட்டும் கம்ப்யூட்டர் பிடிச்சுக்கிச்சு, அப்படித்தான் எழுதி வச்சிருந்தாங்க. காத்து சீறும்போது வலையை அறுத்து விட்டுட்டு போட்டைக் காப்பாத்துவோமே, அதேதான்.

நாளைக்கு ஆபீஸ்ல அந்த அப்பல்லோ 8 கதையைச் சொல்லி இன்னொரு தடவை கேளு. நெத்திலிக் கருவாடு பஸ்ல போட்டு விட்டிருக்கோம், காலையில வாங்கிக்க. பேத்தி லேப்டாப் பக்கம் வந்தா விரட்டாத, எந்த பட்டனை அமுக்குறான்னு பாரு.

அப்பா