மார்மன்கள் எல்லோரும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் ஹுலு தளம் 2024 முதல் ஒளிபரப்பும், மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) மனைவியர் பற்றிய ரியாலிட்டி நிகழ்ச்சி குறித்துத் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்தத் தம்பதி பிரிந்தது என்ற விவரமெல்லாம் இருந்தது. சரி, அதைப் படிக்கவும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் பலதார மணம் மார்மன்களின் இன்றைய வழக்கம் என்பதுபோல எழுதியது பெரிய தவறு. சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன்களின் பெரிய சபை 1890-லேயே அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. இன்று யாராவது அப்படி மணந்தால் சபையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அந்த வழக்கத்தை விடாதவை பிரிந்துபோன சிறு குழுக்கள். 2010-இல் தொடங்கிய 'சிஸ்டர் வைவ்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வந்த பலதார மணக் குடும்பமும் அப்போது அப்படி ஒரு குழுவைச் சேர்ந்திருந்ததுதான்.

கணவரின் வேலைக்காக, அந்தச் சபையின் தலைமையிடம் உள்ள உட்டா மாநிலத்தில் சில காலம் இருந்தேன். பக்கத்து வீட்டு மார்மன் குடும்பத்தினர் காபி, தேநீர் தொடமாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி கிடந்து, அந்தச் சாப்பாட்டுப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். அந்த வீட்டுப் பெண்ணிடம் கடைக்காரர்கள்கூட "உங்கள் வீட்டில் எத்தனை மனைவிகள்?" என்று கேட்பதுண்டு. அவர் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். இனி இத்தகைய கட்டுரைகளில் எந்தச் சபை, எந்தக் குழு என்பதை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது சேர்த்து வெளியிடுங்கள்.

- ஒரு வாசகி, கோவை