வாசகர் வட்ட ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வாட்ஸ்அப்பில் போகும். திறந்து பார்த்தால் சந்தோஷம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தி, டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தோம். கிளை நூலகத்துக்குப் பழைய புத்தகங்கள் ஒரு கட்டு கொடுத்தோம். மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஜெனீவாவில் இயங்கிய, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தை (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பற்றி நாம் நடத்திய ‘இரண்டு போர்களுக்கு நடுவே’ என்ற மாதாந்திரத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்குழுவில் அதிகம் பேச்சு எழுந்தது இதைப் பற்றித்தான். ஜெனீவாவுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம், அந்தக் காசில் ஒரு பட்டிமன்றம் வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. 1921இல் சர்வதேச சங்கத்தின் கூட்டத்தில் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராக உட்கார்ந்தவர் இந்தப் பக்கம் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி. அடுத்த பிப்ரவரியில் வாஷிங்டனில் போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்டிய ஒப்பந்தத்தில் இந்தியாவின் பெயரில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அவரை அனுப்பியது பிரிட்டிஷ் அரசு என்பதையும் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னேன்.

முதல் கூட்டம் சங்கத்தின் அமைப்பு பற்றி. 1920 ஜனவரி 10 அன்று 42 நாடுகளோடு அது பிறந்தது. யோசனைக்கு முன்னால் நின்றவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சன். ஆனால் அவருடைய செனட் சபை சம்மதிக்காததால் அமெரிக்கா கடைசி வரை சேரவே இல்லை. தபால் இலாகாவில் இருந்தவன் என்பதால் ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொன்னேன். எந்த நாடு எவ்வளவு சந்தா கட்டுவது என்று தீர்மானிக்க முதலில் எடுத்துக்கொண்ட அளவுகோல் அகில உலகத் தபால் யூனியனின் செலவுப் பங்கீடுதான். சங்கத்தின் உடன்படிக்கை 6ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. சரிப்பட்டு வராமல் பிறகு மாற்றினார்கள். அதிகம் கட்டிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பாக்கி வைத்த நாடுகளும் ஏராளம். கோஸ்டா ரிக்கா சந்தாச் சுமையால்தான் வெளியேறியது என்று சொல்வார்கள். குறைந்தபட்சம் அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தொடரில் எனக்குத் திருப்தியான கூட்டம் 1925ஆம் வருடத்து கிரீஸ்–பல்கேரியா சண்டை பற்றியது. அக்டோபரில் எல்லைக் காவலில் ஒரு கிரேக்கச் சிப்பாய் சுடப்பட்டான். ஓடிப்போன நாயைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்டினான் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. கிரேக்கப் படை பல்கேரியாவுக்குள் நுழைந்தது. பல்கேரியா பதிலடியில் இறங்காமல் ஜெனீவாவுக்குத் தந்தி அடித்தது. அப்போது சங்கத்தின் நிர்வாகக் குழுவான கவுன்சிலுக்குத் தலைவர் பிரான்சின் பிரியாந்த். அவர் தாமதிக்காமல் பாரிஸில் கவுன்சிலைக் கூட்டி, இரு பக்கமும் படைகளை அவரவர் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள் என்றார். சில நாட்களில் படை வெளியேறியது. விசாரணைக் குழு போய்ப் பார்த்து, கிரீஸ் 45,000 பவுண்டு நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றது. கிரீஸும் கட்டியது.

ஆனால் கிரீஸுக்கு மனசு ஆறவில்லை, அதில் நியாயமும் இருந்தது. இரண்டு வருடம் முன்பு, 1923இல், ஓர் இத்தாலியத் தளபதி கிரேக்க மண்ணில் கொல்லப்பட்டதற்காக முசோலினி கோர்ஃபு தீவைக் குண்டு வீசிப் பிடித்தார். அப்போது கிரீஸ் சங்கத்திடம்தான் போனது. விவகாரம் அங்கிருந்து நழுவி வல்லரசுகளின் தூதர் மாநாட்டுக்குப் போய், அடி வாங்கிய கிரீஸே 5 கோடி லீரா கட்ட நேர்ந்தது. சின்ன நாடு தப்பு செய்தால் விசாரணை, பெரிய நாடு செய்தால் சமரசம். சர்வதேச சங்கம் தோற்றுப்போன சங்கம் என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடம் என் பதில் இதுதான்: சின்னவர்கள் விஷயத்தில் அது வேலை செய்தது. ஆலண்ட் தீவுகளுக்காக ஸ்வீடனும் பின்லாந்தும் மோதிக்கொள்ளாமல் 1921இல் தீர்த்து வைத்தது, இன்றும் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. அமேசான் கரையில் லெட்டீசியா என்ற சிற்றூருக்காக பெருவும் கொலம்பியாவும் சண்டையிட்டபோது, 1933இல் இருந்து ஒரு வருடம் சங்கத்தின் குழுவே அந்த ஊரை நிர்வகித்தது. காவலுக்கு இருந்த கொலம்பியச் சிப்பாய்கள் சங்கத்தின் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். 1935 ஜனவரியில், சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்த ஸார் என்ற ஜெர்மன் எல்லைப் பகுதியில் யாரோடு சேர்வது என்று வாக்கெடுப்பு நடந்தபோது பிரிட்டன், இத்தாலி, ஸ்வீடன், நெதர்லாந்து அனுப்பிய சுமார் 3,300 வீரர்கள் அமைதி காத்தார்கள். இன்றைய ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பிக்காரர்களுக்கு அவர்கள்தான் முன்னோடி. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஜெர்மனிக்கே ஓட்டுப் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சீனாவின் மஞ்சூரியாவை ஜப்பானும், அபிசீனியாவை (இன்றைய எத்தியோப்பியா) இத்தாலியும் பிடித்தது எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் ஒரே கூட்டத்தில் முடித்தோம். அன்றைக்குக் கிரிக்கெட். பேச்சாளரையும் மைக் செட் தம்பியையும் சேர்த்தும் முதல் வரிசை நிரம்பவில்லை. 1936இல் நாட்டை இழந்து ஜெனீவா மேடையில் நின்ற அபிசீனியச் சக்கரவர்த்தி ஹைலே செலாசியின் பேச்சை இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் விசிலடித்துக் குலைக்கப் பார்த்ததைப் பேச்சாளர் சொல்லும்போது, பின்வரிசையில் ஒருவர் போனில் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்தவர் முன்னால் இப்படியா?

இனி சந்தா. 1933 பிப்ரவரியில் ஜப்பானுக்கு எதிரான மஞ்சூரியா தீர்மானம் 42க்கு 1 என்று நிறைவேறியதும் ஜப்பானின் மாட்சுவோகா எழுந்து வெளியே போனார். அப்படிப் போனவர்கள்கூட அடுத்த மாதம் முறைப்படி விலகல் அறிவிப்பு கொடுத்தார்கள். உடன்படிக்கைப்படி விலகல் செல்லுபடியாக இரண்டு ஆண்டு நோட்டீஸ் வேண்டும், அதற்குள் கடமைகளையெல்லாம் நிறைவேற்றியிருக்கவும் வேண்டும். நம் வட்டத்தில் சந்தா நினைவூட்டல் போட்டதும் சிலர் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார்கள். அதோடு பாக்கியும் தீர்ந்தது என்று எண்ணம் போலிருக்கிறது. பெயர் சொல்ல விரும்பவில்லை. செயற்குழுவுக்குக் கோரம் இல்லாமல் இரண்டு முறை ஒத்திவைக்க நேர்ந்ததையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சமம். மண்டப வாடகையும் பேச்சாளர்களின் பயணப்படியும் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டன. நன்கொடைகளால் ஓரளவு சமாளித்தோம், சிறு கையிருப்பு உண்டு. தணிக்கை முடிந்ததும் பொருளாளர் விவரமாகச் சொல்வார். தொடருக்குத்தான் முழுப் பணமும் போனது என்று பரவிய பேச்சு சரியல்ல. பெரும்பாலான கூட்டங்களில் பேசியது நானே, எனக்குப் பயணப்படி கிடையாது.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், மண்டப உரிமையாளர், சுண்டல் செய்து கொடுத்த மகளிர் உறுப்பினர்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு போர்க்காலத்தை எடுக்கலாம் என்று இருக்கிறேன். 1940இல் பிரெஞ்சுக்காரரான பொதுச்செயலாளர் அவெனோல் ராஜினாமா செய்துவிட்டார். பொருளாதாரப் பிரிவு அமெரிக்காவில் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அயர்லாந்துக்காரர் ஷான் லெஸ்டர் சொற்ப ஊழியர்களோடு ஜெனீவாவின் அந்தப் பெரிய மாளிகையில் போர் முடியும் வரை இருந்தார். 1946 ஏப்ரலில் கடைசிக் கூட்டம் போட்டு, கட்டடம், நூலகம் எல்லாவற்றையும் ஐ.நா.விடம் ஒப்படைத்தார்கள். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், நீதிக்கட்சியின் முன்னணித் தலைவராக இருந்த ஆற்காடு ராமசாமி முதலியார். அவருக்கென்று தனிக் கூட்டம் வேண்டும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் நோட்டுகளை இன்றே ஒப்படைக்கத் தயார். முன்வராவிட்டால், போன ஆண்டு பாக்கியையும் சேர்த்துக் கட்டிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, ஜிபேயும் உண்டு. காபி கூட்டம் முடிந்த பிறகுதான்.

இப்படிக்கு,
செயலாளர்