இருட்டைத் தந்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிமாருக்கும், அக்கா தங்கச்சிமாருக்கும், வெளியூரில் இருந்தபடியே கைகொடுத்த உறவுகளுக்கும் வணக்கம்.

சித்திரைப் பொங்கலை ஒட்டி நம் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் மூன்று இரவு, தோலில் செய்த பாவைகளைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டிக் கதை சொல்லும் தோற்பாவைக்கூத்து நடந்து நல்லபடியாக முடிந்தது. நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாரும் இதற்கு முன்னால் நம் ஊரில் இதைப் பார்த்ததில்லை. நன்றி என்று ஒரு தட்டி எழுதிக் கட்டினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. யார் என்ன செய்தார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு இன்னொரு ஊரில் கூத்து வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இது பயன்படும்.

முதல் வணக்கம் கூத்துக் குழுவுக்கு. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், பேரன் என்று ஒரே குடும்பமாக வந்தார்கள். வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676இல் தொடங்கி 1855 வரை நடந்தது. அந்தக் காலத்தில் வந்து தெற்கே பரவியவர்கள் தங்கள் முன்னோர் என்று பெரியவர் சொன்னார். அறுப்பு முடிந்த ஊர்களில் கூடாரம் போட்டுப் பத்து நாள் ராமாயணம் ஆடி, கூலியாக நெல் வாங்கிப் போன குடும்பம். அப்புறம் சினிமா வந்தது, டிவி வந்தது. உறவுக்காரர்களில் பலர் பிளாஸ்டிக் சாமான் வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். இவர் பெட்டியை விற்கவில்லை. விலைக்குக் கேட்டு வந்தவர்கள் உண்டாம். அலங்காரப் பொருளாகச் சுவரில் மாட்டுவதற்காகக் கேட்டார்களாம்.

பெட்டியைத் திறந்தபோது பாவைகள் பாதிக்குமேல் சுருண்டு கிடந்தன. ராவணனின் ஒரு கை கழன்றிருந்தது. நல்லதங்காள் பாவையில் இடுப்புக்குக் கீழே கிழிசல். இந்த இடத்தில்தான் பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. குழு தங்கியிருந்த சத்திரத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர், பாவையைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “ஆட்டுத்தோல், நல்லாச் சுரண்டியிருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போய், மெழுகுநூலும் ஊசியுமாகத் திரும்பி வந்தார். மூட்டுகளையெல்லாம் அவர்தான் தைத்துக் கொடுத்தார். கை, முழங்கை அசைகிற இடத்தில் முடிச்சு இறுகிவிட்டால் பாவை விறைத்து நிற்கும், தளர்ந்துவிட்டால் கை தொங்கும். பெரியவர் ஆட்டிக் காட்டிக் காட்டி, இவர் அவிழ்த்து அவிழ்த்துத் தைத்தார். இரண்டு தொழில்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து அதிகம் பேசாமலே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டதைப் பார்த்தது எங்களுக்குக் கிடைத்த தனிக் கூத்து. அண்ணாச்சி கூலி வாங்க மறுத்துவிட்டார். மூன்று நாளும் முன்வரிசையில் அவருக்கு இடம் போட்டிருந்தோம், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. சுருண்ட தோல்களை நிமிர்த்தப் பலகையும் அம்மிக்கல்லும் தூக்கி வந்த சத்திரத்துப் பக்கத்து வீட்டு மதினிகளுக்கும் நன்றி.

இனி, இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று எங்களை உட்காரவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

பணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு ஆனபின், இடம் பார்க்கப் பெரியவர் மந்தைக்கு வந்தார். பகலில் வந்தவர், பொழுது சாயும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். உயர்கோபுர விளக்கு எரிந்ததும் மந்தை முழுக்கப் பட்டப்பகலாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தவர், “இதை அமர்த்த முடியுமாய்யா?” என்று கேட்டார். வேறு எந்தக் கோரிக்கையும் அவர் வைக்கவில்லை.

காரணம் இதுதான். இந்தக் கூத்துக்குத் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு விளக்கு. ஆட்டுத்தோலை ஊறவைத்து, முடி நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகச் சுரண்டி, இரண்டு பக்கமும் வண்ணம் தீட்டுகிறார்கள். அட்டிகை, கிரீடம், சேலைக்கரை எல்லாம் சிற்றுளியால் போட்ட பொடித்துளைகள். வெளிச்சம் தோல் வழியாக வரும்போது சிவப்பும் பச்சையும் அந்தந்த நிறமாகவே, திரையாகக் கட்டிய வேட்டியில் விழும். துளை வழியாக வரும்போது நகை மினுங்கும். நிழல் என்றால் கறுப்பு என்று நினைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் முதல்நாள் வாயைப் பிளந்ததற்கு இதுதான் காரணம். ஆனால் திரையின் முன்பக்கம் இன்னொரு வெளிச்சம் விழுந்துவிட்டால் எல்லாம் வெளிறிப்போகும். நம் ஊர்களில் கூத்து மங்கியதற்கு சினிமாவை மட்டுமே காரணமாகச் சொல்கிறோம். இருட்டே இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்று இப்போது எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

ஊராட்சித் தலைவர் அக்கா ஒரே நாளில் சம்மதம் சொன்னார். “மூணு ராத்திரி இருட்டுனா ஊரு ஒண்ணும் ஓடிப் போயிறாது” என்ற அவர் சொல் எங்களுக்குத் தெம்பு தந்தது. லைன்மேன் தம்பி மூன்று நாளும் தானே வந்து மந்தை விளக்கை அமர்த்தி, கூத்து முடிந்து கடைசிக் குடும்பம் வீடு போய்ச் சேர்ந்த பிறகு போட்டுவிட்டுப் போனார். கடைசி நாள் அவர் வீட்டில் விசேஷம், பந்தியிலிருந்து எழுந்து வந்தார். டீக்கடை அண்ணாச்சி கடைவிளக்கை அணைத்து, அடுப்பு வெளிச்சத்திலேயே டீ ஆற்றினார். செல்போன் கடைக்காரர் கலர் கலராக ஓடும் போர்டை நிறுத்தி வைத்தார். வியாபார நேரத்தில் அதை நிறுத்துவது சாதாரணமல்ல. கோயில் நிர்வாகத்தார், திருவிழாவுக்குப் போட்டிருந்த சீரியல் லைட்டைக் கூத்து நேரத்தில் அமர்த்தச் சம்மதித்தார்கள். மந்தையைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசல் விளக்கை அணைத்தார்கள். வடக்கு வீட்டில் ஆச்சி படுத்த படுக்கையாக இருக்கிறார், அங்கே விளக்கு எரிந்தே ஆக வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலுக்கு உள்பக்கம் கம்பளி கட்டிவிட்டார்கள். இரவுச் சுற்றுக்கு வந்த போலீஸ் வண்டிகூட மந்தை முனையிலேயே முன்விளக்கை அணைத்துவிட்டு நின்றது. அந்தக் காவலர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. இதைப் படித்தால் எங்கள் கும்பிடு உங்களுக்கும்தான்.

இருட்டு என்றால் பெண்பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் கேள்வி வந்தது, நியாயமான கேள்வி. மகளிர் சுயஉதவிக் குழுவினரும் கல்லூரிப் பிள்ளைகளும் அதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தெரு முனையிலும் டார்ச்சோடு நின்று, வெளிச்சம் தரையை விட்டு மேலே ஏறாமல் பிடித்து, வருகிறவர்களைக் கூட்டி வந்து பாயில் உட்காரவைத்தார்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்தார்கள் என்றால் இவர்களால்தான். செல்போனில் பிளாஷ் போட்டுப் படம் எடுக்காமல் இருந்த இளைஞர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கையில் போனை வைத்துக்கொண்டு எடுக்காமல் இருப்பது பெரிய விஷயம்.

முதல்நாள் நல்லதங்காள். நல்லதங்காள் கோயில் இருக்கிற அர்ச்சுனாபுரம் நமக்கு எட்டுகிற தூரம்தான், நம் வீட்டுப் பெண்கள் போய்க் கும்பிட்டு வருகிற தெய்வம்தான். ஆனாலும் அண்ணி மூளியலங்காரி கதவைச் சாத்தியபோது கூட்டத்திலிருந்து எழுந்த வசவு, இன்றைக்கு நடந்த அநியாயத்துக்கு எழுந்தது மாதிரி இருந்தது. ஏழு பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடும் இடத்தில், மேலத்தெரு ஆச்சி ஒருவர் திரைக்குள்ளிருந்து வந்த ஒப்பாரியோடு சேர்ந்து பாட ஆரம்பித்தார். குழுவில் ஆர்மோனியம் வாசித்த அம்மா அதைக் கேட்டதும் சுருதியைக் கொஞ்சம் இறக்கி, ஆச்சியின் குரலுக்கு ஏற்ற மாதிரி வாசித்தார். இரண்டு அடி ஆச்சி தனியாகவே பாடினார். அவருக்கு இந்தப் பாட்டு தெரியும் என்பது அவர் பேரன்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆச்சி, உங்களுக்கும் நன்றி. உங்களிடம் உள்ள பாட்டுகளைப் பதிவுசெய்ய உங்கள் பேத்தி முன்வந்திருக்கிறாள், மறுக்காமல் பாடுங்கள்.

இரண்டாம் நாள், ராம லட்சுமணரைப் பாதாளத்துக்குத் தூக்கிப் போகும் மயில்ராவணன் கதை. பிள்ளைகளுக்கு உரிய நாள். அனுமார் தன் வாலையே கோட்டையாக வளைத்துக் காவல் நின்ற இடமும், உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் வந்து நம் ஊர்க் குடிதண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசிய இடமும் இன்னும் தெருவில் நடித்துக் காட்டப்படுகின்றன. அந்த இரண்டு கோமாளிகளையும் ஆட்டியது பதினேழு வயதுப் பேரன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க எங்களில் சிலருக்கு அனுமதி கிடைத்தது. பெரியவர் ஒருவரே ராமனாகவும் ராவணனாகவும் கிழவியாகவும் பேசுகிறார். காலடியில் ஒரு மரப்பலகை, சண்டை வரும்போது அதை மிதித்து ஓசை எழுப்புகிறார். மருமகள் அடுத்த பாவையைத் தயாராக எடுத்து நீட்டுகிறார். பாவை மாறி வந்தால் மராத்தியில் ஒரு சின்ன அதட்டல், அதே மூச்சில் சீதை தமிழில் அழுகிறாள்.

மூன்றாம் நாள் பட்டாபிஷேகம். அன்றைக்கு பல்பு வேண்டாம், எண்ணெய் விளக்கிலேயே ஆடலாமா என்று ஊர்த் தாத்தாக்கள் கேட்டார்கள். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. கோயிலிலிருந்து பெரிய அகலும் எண்ணெயும் வந்தன. தோலும் துணியும் பக்கத்தில் இருக்கிற இடம் என்பதால் மணல்வாளியோடும் தண்ணீர்க்குடத்தோடும் கூத்து முழுக்க ஒருவர் காவல் இருந்தார். திரையைப் பார்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்து விளக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தம்பிக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். பல்பு வெளிச்சத்தில் பாவை ஆட்டினால்தான் அசையும். சுடர் ஆடும்போது, கை கூப்பி சும்மா நிற்கிற அனுமாருக்கும் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இதை நேரில் பார்த்த பிறகுதான் தாத்தாக்கள் எதற்காக அத்தனை பிடிவாதம் பிடித்தார்கள் என்று விளங்கியது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத் தமிழய்யா ஐந்தே நிமிடம் பேசினார். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் தன்னைத் ‘தோலின் பாவைக் கூத்தாட்டாய்’ சுழன்று விழுந்து கிடப்பவனாகச் சொல்கிறார், அப்போதே இந்தக் கூத்து சனங்களுக்குத் தெரிந்திருந்தால்தானே அந்த உவமை செல்லும் என்று கேட்டார். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் என்ற தனி மேடை கட்டியிருப்பதையும், நீளத் திரைக்குப் பின்னால் 21 விளக்கு வைத்துக் கம்பன் பாட்டைப் பாடி ஆடுவதையும், அந்த மரபில் வந்த ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்ததையும் சொன்னார். நம் பக்கம் நாலு மூங்கிலும் ஒரு வேட்டியும்தான் மேடை. அதற்கும் ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று சொல்லி, தன் தோளில் இருந்த புதுத்துண்டைப் பெரியவருக்குப் போர்த்தினார்.

ரேடியோ செட் அண்ணாச்சி குழாய் ஸ்பீக்கர்களை இறக்கிவிட்டு ஒரே ஒரு பெட்டியைக் குறைந்த சத்தத்தில் வைத்தார், வாடகை வாங்கவில்லை. மூங்கில் தந்தவர்கள், சத்திரத்தைத் திறந்துவிட்டவர்கள், குழுவுக்கு மூன்று வேளையும் சமைத்த வீடுகள், காலையில் மந்தையைக் கூட்டிய தூய்மைப் பணியாளர்கள், சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்து பணம் அனுப்பியவர்கள், எல்லாருக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. செலவு போக மீதமிருந்த தொகை முழுவதையும், ஊர்க்கூட்டத்தில் முடிவானபடி, புதுப் பாவைகள் செய்யத் தோல் வாங்குவதற்காகக் குழுவிடம் கொடுத்துவிட்டோம். பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் ஆவணிக்குக் கூத்து வைக்க விசாரித்திருக்கிறார்கள். அவர்களைக் குழுவோடு சேர்த்துவைக்கும் வேலையை எங்கள் பொறுப்பில் எடுத்திருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த ஊரில் ஆசைப்படுகிறவர்கள் இருந்தால் அனுப்பிவையுங்கள். விளக்கை அமர்த்த முடியுமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இதில் யார் பெயரையும் குறிப்பிடவில்லை, வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். செய்த உதவி விடுபட்டுப் போயிருந்தால், எந்த நாள் சாயங்காலமும் மந்தைப் பக்கம் வந்து சொல்லுங்கள், சேர்த்து எழுதிவிடுகிறோம்.

அன்புடன்,
கூத்து ஏற்பாட்டில் கூடி நின்ற எல்லார் சார்பாகவும்