கடதாசியோடு நிறுத்தாமல் குழலுக்குள்ளும் பாருங்கள்: பயிர்காவல் துவக்குகள் பற்றி மலையக மாவட்டச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டச் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

துவக்கு அனுமதிப்பத்திரம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. தற்காப்புக்கான துவக்குகள் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு. பயிரைக் காக்க எடுக்கும் துவக்கோ உங்கள் மேசைக்கு வருகிறது. ஆண்டுக்கொரு முறை துவக்கையும் ஆளையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு உங்களைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. அந்த வேளையில் கடதாசி சரியா என்பதோடு நின்றுவிட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். துவக்கைப் பற்றி மலையகத்தில் உலவும் தவறான நம்பிக்கைகள் பல. அவற்றில் சில ஆளைக் கொல்லக்கூடியவை.

எல்லாவற்றிலும் மோசமானது, 'சன்னம் கிட்டத்தான் போகும்' என்பது. (சன்னம் என்பது தோட்டாவுக்குள் இருக்கும் உலோகக் குண்டு.) 12 போர் (குழல் துவார அளவு) துவக்கால் பன்றியை நம்பிச் சுடக்கூடிய தூரம் 30, 35 மீற்றர்தான். சன்னம் அங்கேயே விழுந்துவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. எஸ்.ஜி. எனப்படும் பெரிய சன்னத்தின் விட்டம் ஏறத்தாழ 8.4 மில்லிமீற்றர். வாய் சற்று மேலே தூக்கிய துவக்கிலிருந்து கிளம்பினால் அது 600 மீற்றரையும் தாண்டும். 3 மில்லிமீற்றர் அளவான 4ஆம் இலக்கச் சன்னமே 200 மீற்றருக்கு மேல் பறக்கும். சமதரையில் இது ஒரு கணக்கு. மலையிலோ சுடுகிறவர் மேல் மலையில் நிற்பார். கீழே மரக்கறித் தோட்டம், அதற்குக் கீழே லயன், அதற்கும் கீழே ரோட்டு. சரிவில் கீழ்நோக்கிப் போகிற சன்னத்தை நிலம் இடையில் மறிக்காது.

ஒரு தோட்டாவுக்குள் எஸ்.ஜி. சன்னம் எட்டு, ஒன்பதுதான் இருக்கும். வாய் ஒடுங்காத பழைய குழலில் 35 மீற்றர் தூரத்தில் முக்கால் மீற்றர் வட்டத்துக்குள் விழுவது அவற்றில் மூன்றோ நான்கோ. மீதியெல்லாம் பன்றியைத் தாண்டிப் போகிறவை. 'துவக்கால் சுட்டால் எப்படியும் படும்' என்று நம்புகிறவர் இந்த மீதியை நினைப்பதே இல்லை. தேயிலைச் செடி அதை நிறுத்தாது. கொழுந்து மட்டத்தில் இருப்பது இலையும் இளங்காம்பும்தான். ஆகவே பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் மட்டுமே சுடலாம். மேட்டு விளிம்பில், பின்னால் வானம் தெரிய நிற்கிற பன்றியை எவ்வளவு கிட்ட நின்றாலும் விட்டுவிட வேண்டும். பாறையில் பட்ட சன்னம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது என்பதால் கற்பாறையைப் பின்னணியாக எடுக்கக்கூடாது.

அடுத்தது, 'தோட்டா உள்ளே போனால் சரி' என்ற நம்பிக்கை. துரைமார் காலத்துப் பிரித்தானிய இரட்டைக்குழல் துவக்குகளில் பலவற்றின் தோட்டா அறை 2½ அங்குலம், அதாவது சுமார் 65 மில்லிமீற்றர். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீற்றர். இந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். மடித்து மூடிய நிலையில் தோட்டா அதைவிடக் குட்டை. ஆகவே பழைய அறைக்குள்ளும் தடையில்லாமல் போய் உட்காரும், துவக்கும் மூடிக்கொள்ளும். சுடும்போதுதான் மடிப்பு விரிய இடம் போதாமல் குழலின் ஒடுங்கும் பகுதிக்குள் நெருக்குப்படுகிறது. உள்ளே அமுக்கம் ஏறுகிறது. ஒரு முறை தாங்கிய துவக்கு அடுத்த முறையும் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. குழலைக் கழற்றி அதன் அடித்தட்டைப் பார்த்தால் அறையின் நீளமும், எத்தனை தொன் அமுக்கத்துக்குச் சோதித்தது என்பதும் பல பிரித்தானியத் துவக்குகளில் பொறித்திருக்கும். குழலில் நீரோட்டம் போன்ற வரிகள் தெரிந்தால் அது இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த குழல். கரிமருந்துக் காலத்து வேலை. அப்படியான துவக்கை விபரம் தெரிந்தவர் சோதிக்கும்வரை, இன்றைய தோட்டா போட்டுச் சுடவே கூடாது.

12 போரைவிட ஒல்லியான 20 போர் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்கும் காரணம் உண்டு. கை தவறி அது 12 போர் குழலுக்குள் போனால் அறையைத் தாண்டி வழுக்கி, முன்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். போட்டவருக்கு அறை வெறுமையாகத் தெரியும். பின்னால் 12 போர் தோட்டா ஒன்றைப் போட்டு விசையை இழுப்பார். குழல் வெடித்துச் சிதறும். துவக்கைத் தாங்கியிருக்கும் இடது கை அந்த இடத்தில்தான் இருக்கும். இரண்டு அளவுத் தோட்டாக்களை ஒரே பையில் வைக்காதீர்கள் என்று அனுமதிப்பத்திரத்தோடு ஒரு வரி அச்சடித்துக் கொடுத்தாலே போதும்.

நம் மலைக்கே உரிய ஆபத்து மண்ணடைப்பு. மழைக்குப் பின் கானைத் தாண்டும்போது கால் வழுக்கினால் குழல் வாய் மண்ணில் குத்தும். அடைப்பு விரலளவு இருந்தாலும் போதும், வாய்ப்பக்கம் வீங்கும் அல்லது பிளக்கும். மூலையில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்த துவக்கின் குழலுக்குள் வேட்டாளன் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு. (தேயிலை மலையில் கொட்டும் குளவியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம், இந்தச் சாதுக் குளவியும் ஆபத்தைத் தரும்.) துவக்கைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, அறைப்பக்கத்திலிருந்து குழல் வழியே வெளிச்சத்தைப் பார்ப்பது ஐந்து விநாடி வேலை. சத்தம் மந்தமாக 'புஸ்' என்று வந்தாலும் அதே வேலைதான்: சன்னத்துக்குப் பின்னால் தோட்டாவுக்குள் வைத்த தக்கை குழலில் சிக்கியிருக்கலாம், அடுத்த தோட்டா போடக்கூடாது. ஈரமேறிய தோட்டா வெடிக்காவிட்டால் உடனே திறக்காமல், வாயை மண்மேட்டுப் பக்கம் பிடித்தபடி அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். மருந்து தாமதித்துப் பற்றுவதும் உண்டு.

'சேப்டி போட்டாயிற்று' என்பதும் பொய்யான தைரியம். பெரும்பாலான இரட்டைக்குழல்களில் அது விசையை மட்டுமே தடுக்கும். உள்ளே ஏற்றிய குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) அப்படியே இருக்கும்; கீழே விழுந்த அதிர்ச்சியில் நழுவி அடிக்கலாம். சரிவில் ஏறும்போதும் முள்வேலியைத் தாண்டும்போதும் துவக்கு திறந்தே, தோட்டா வெளியே இருக்க வேண்டும்.

கட்டுத்துவக்கைப் பற்றி, அதாவது பாதையின் குறுக்கே கட்டிய கம்பி இடறினால் தானே வெடிக்கும் பொறித்துவக்கைப் பற்றி, சுருக்கமாகவே சொல்கிறோம். அதற்கு அனுமதி கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. 'பன்றிக்குத்தான் கட்டினோம்' என்பது கட்டியவரின் எண்ணம். கம்பிக்குப் பன்றியும் ஒன்று, விறகுக்குப் போகிற பெண்ணின் காலும் ஒன்று. குறுக்கே கம்பி கண்டால் அறுக்கவோ தடியால் தட்டவோ கூடாது. வந்த தடத்திலேயே பின்வாங்கி பொலிஸ் அவசர எண் 119க்குச் சொல்ல வேண்டும். காலில் பட்டவருக்குக் கோப்பித்தூள், தேயிலைத்தூள் எதுவும் அப்ப வேண்டாம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே, இடுப்புப் பக்கமாக, மூட்டில் அல்லாமல், நாலு விரல் தள்ளி அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து அம்புலன்ஸ் எண் 1990ஐ அழையுங்கள். கட்டியதை இடையில் தளர்த்தக்கூடாது.

துவக்கைக் குறைத்தால் விலங்குகள் தப்பிவிடும் என்ற எண்ணமும் அரை உண்மைதான். 2020 மே மாதம் நுவரெலியா மாவட்டத்து நல்லதண்ணியில் சிக்கி இறந்த கருஞ்சிறுத்தை துவக்கால் சாகவில்லை, கம்பிச் சுருக்கால் செத்தது. காணி உறுதி இல்லாமல் லயன் ஓரத்தில் கோவாவும் கரட்டும் போடுகிறவருக்குத் துவக்கு அனுமதி எட்டாத ஒன்று. சுருக்குக் கம்பி எளிதில் கிடைக்கிறது. அவர்களுக்கும் துவக்கு கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வேலிக்கு உதவி கேட்கிறோம்.

வீட்டில் வைப்பது இன்னொரு சிக்கல். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் இரும்பு அலுமாரிக்கு இடம் எங்கே? மடித்துத் திறக்கும் துவக்கை மூன்று துண்டாகக் கழற்றலாம். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரக்கட்டையை வேறிடத்தில் பூட்டி வைத்தால், குடித்துவிட்டு வருகிறவரோ கோபத்தில் இருக்கிறவரோ அதைச் சட்டென்று பூட்டிச் சுடுவது கடினம். தோட்டா மூன்றாவது இடத்தில் இருக்கட்டும். அனுமதி ஆளின் பெயரில் இருக்கிறது. அவர் காலமானால் மகன் அதை அப்படியே வைத்திருக்க முடியாது, பொலிஸில் ஒப்படைத்துவிட்டே மேற்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். இதையும் பலர் அறியார்.

புதுப்பிக்க வருகிறவரைத் துவக்கோடு வரச் சொல்லுங்கள், தோட்டா இல்லாமல். தோட்டா அறையின் நீளத்தை அளக்கும் பித்தளை அளவி சட்டைப் பையில் அடங்கும். பிரதேச செயலகத்துக்கு ஒன்று போதும். குழலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சன்னம் எவ்வளவு தூரம் போகும், வெடிக்காத தோட்டாவை என்ன செய்வீர்கள், தோட்டா வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியாதவரைத் திட்டி அனுப்ப வேண்டாம். அன்றே சொல்லிக்கொடுத்து, அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். டிசம்பர் வரை காத்திராமல் ஒக்டோபரில் தொடங்கினால் வரிசையும் நீளாது.

இப்படிக்கு,
துவக்கைக் கையாளவும் பழுதுபார்க்கவும் தெரிந்த மலையகத்தார் சிலர்