சைலன்சருக்கு முன் சஸ்பென்ஷன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டிய மாற்றங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை சைலன்சரையும் அலங்கார உதிரிபாகங்களையும் முன்னிறுத்தியதே தவிர, ஓட்டுபவரின் உடலுக்கும் எடைக்கும் ஏற்ப வண்டியை அமைத்துக்கொள்வது பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக இவ்வகை வண்டிகளை ஓட்டிவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சைலன்சரை மட்டும் மாற்றுவதால் எடை சற்றுக் குறையும், ஒலி மாறும்; இன்ஜின் ஆற்றலில் கிடைக்கும் கூடுதல் பெரும்பாலும் சொற்பமே.

என் முதல் ஸ்போர்ட்ஸ் பைக், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் திருகியதும் பாதையின் வெளி ஓரத்தை நோக்கி விலகியது. டயரின் குறை என்று முடிவுகட்டிப் புது ஜோடி மாற்றியும் அது தீரவில்லை. பின்னர் அளந்து பார்த்தபோது, நான் ஏறி அமர்ந்தால் வண்டியின் பின்பகுதி 50 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்வது தெரிந்தது. பின்பகுதி அவ்வளவு தாழ்ந்தால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃோர்க்கின் சாய்வு கூடி, வண்டி திரும்பத் தயங்கும். பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது அதை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவைக் கூட்டியதும், செலவே இல்லாமல், அந்தக் குறை மறைந்துவிட்டது.

‘சேக்’ எனப்படும் இந்தத் தாழ்வை அளக்க ஓர் அளவு நாடாவும் உதவிக்கு இருவரும் போதும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, அதன் அச்சிலிருந்து நேர் மேலே வண்டியின் உடலில் ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொண்டு, பிறகு ஹெல்மெட், ஜாக்கெட் உள்ளிட்ட முழு உடையுடன் ஓட்டுபவர் ஏறி அமர, அதே தூரத்தை மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்குமான வித்தியாசம் சாலைப் பயன்பாட்டுக்கு 30 முதல் 35 மில்லிமீட்டருக்குள் இருப்பது பொதுவாக நல்லது. முன் ஃபோர்க்குக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். பிரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. பிரீலோடை முழுவதும் திருகியும் இந்த அளவு கிடைக்கவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் அவருடைய எடைக்கு உரியதன்று. பணம் கொடுத்து மாற்ற வேண்டிய முதல் பாகம் எது என்பதை அந்த அளவே சொல்லிவிடுகிறது. சஸ்பென்ஷன் விரியும் வேகத்தையும் (ரீபவுண்டு) அமுங்கும் வேகத்தையும் (கம்ப்ரஷன்) கட்டுப்படுத்தும் திருகுகளைத் தொடுவதற்கு முன் அவை இப்போது எத்தனை ‘கிளிக்’கில் (திருகும் படியில்) உள்ளன என்று எழுதிவைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

டயரைப் பொறுத்தவரை, வண்டியின் கையேடு குறிப்பிடும் காற்றழுத்தத்தை ஓடிச் சூடாவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் வரிப்பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும், ரப்பர் இறுகிப்போன டயரை நம்பி வளைவில் சாய்வது ஆபத்து.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4 என்ற தர வகை ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலையாக வகுக்கப்பட்டிருப்பது, புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையிலோ 155 மட்டுமே. ஆயில் கொதித்தால் குமிழிகள் உண்டாகி, லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காமல் போகும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும், அடுத்து ரப்பர் குழாய்களுக்குப் பதில் எஃகு இழை பின்னிய குழாய்களைப் பொருத்துவதும் பயனுள்ள செலவு. கையை நீட்டினால் விரல்கள் முன்கையின் நேர்கோட்டிலேயே லீவரில் படியுமாறு அதன் கோணத்தைத் திருப்புவதற்குச் செலவே கிடையாது.

தங்கள் வாகனப் பகுதியின் அடுத்த கட்டுரையில் சேக் அளக்கும் முறையைப் படங்களுடன் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்